திமிங்கலப் பல்லை வாங்கிய கை

சாக்ரமெண்டோ, கலிபோர்னியா
6 பிப்ரவரி 2011

அண்ணாவுக்கு,

அப்பாவின் உடல் வீட்டில் கிடக்கும்போதே நம் கழிமுகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டீர்கள். நலம் விசாரிப்பது அடுத்த வரியில்.

நலமா? அண்ணி நலமா? என் மகள் உனைசி நலமா? அவள் இருமல் நின்றதா? இங்கே நான் நலம். முதுகு மட்டும் சொன்னபடி கேட்பதில்லை. நான் பார்த்துக்கொள்ளும் கிழவி கனத்த உடம்புக்காரி. அவளைப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு கழன்றுவிட்டது.

செய்தி எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பீர்கள். இங்கே நம் ஆட்கள் கூடும் தேவாலயத்தில் போதகரின் மனைவி லுசியானா. அவள் ஒன்றுவிட்ட தங்கை லம்பாசா டவுனில் இருக்கிறாள். போன ஞாயிறு மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே லுசியானா கேட்டாள்: "ஏன் கெலேரா, உங்க அண்ணன் கழிமுகத்தைத் தூக்கிக் குடுத்துட்டாராமே? இனிமே உங்க ஊர்ப் பொம்பளைங்க நண்டு வேணும்னா மார்க்கெட்டுக்குத்தான் வரணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

துக்கத்துக்கு வந்த கம்பெனி ஆட்கள் திமிங்கலப் பல் ஒன்றை நீட்டினார்களாம். குலத்தின் தலைவராக நீங்கள் வாங்கினீர்களாம். வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது. இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இப்போது எங்கிருந்தோ வந்த செம்மண் கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது. நம் மலையைத் தோண்டி அலுமினியத்துக்கு அனுப்ப அவர்களுக்குக் கப்பல் நிற்க இடம் வேண்டும். அது நம் கழிமுகம்.

இப்படி எழுதுவது முறையில்லை. நான் பெரியவளான வருஷத்திலிருந்து நாம் முகம் பார்த்துப் பேசியதில்லை. சாப்பிடும்போது நீங்கள் நாயைப் பார்த்துத்தான் பேசுவீர்கள்: "நாயே, யாராச்சும் அந்த உப்பை எடுத்துக் குடுத்தா நல்லா இருக்கும்." நான் எடுத்து நாயின் பக்கம் வைப்பேன். ஆனால் அண்ணனும் தங்கையும் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுத்து வருவதற்கு முன்பே போட்ட விதி அது. உனைசியின் படிப்புக்காக இரண்டு வருஷத்துக்கு முன் எழுதினேன். அதற்குப் பிறகு இதுதான்.

ஒரு வரி போதும். கொடுத்தீர்களா?

வீட்டிலும் கோயிலிலும் எல்லோருக்கும் என் அன்பு.
கெலேரா


நசோலோ கிராமம், வனுவா லேவு
20 மார்ச் 2011

அன்புத் தங்கை கெலேராவுக்கு,

கர்த்தரின் கிருபை உன்னோடிருப்பதாக. உன் கடிதம் கடைக்காரர் சிங்கிடம் வந்து, அவர் மகன் கையால் எனக்குக் கிடைத்தது. உன் இடுப்பு வலி கேட்டு வருத்தமாக இருந்தது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல். அந்த ஊரில் யார் தடவுவார்கள் என்று பிறகு தோன்றியது.

அப்பாவின் துக்கம் நல்லபடியாக நடந்தது. மலைப்பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பாய்களோடு வந்தார்கள். கூடத்தில் பாய்கள் என் மார்புயரம் அடுக்கிக் கிடந்தன. நீ ஏன் வரவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். விசா முடிந்துவிட்டது, வந்தால் திரும்பிப் போக முடியாது என்று சொல்லவில்லை. வேலை என்று சொன்னேன். உன் இடத்தில் உனைசி உட்கார்ந்தாள்.

முறைப்படி கழிமுகத்தில் கம்பு நட்டு நூறு நாள் மூடினோம். யாரும் வலை போடவில்லை. பெண்கள் சதுப்புக்குள் இறங்கவில்லை. அப்பாவுக்காக ஊரே வாயைக் கட்டியது. நூறு நாள் முடிந்து திறந்தபோது நண்டுகள் கனத்துக் கிடந்தன. விருந்து பெரிதாக இருந்தது.

பேருந்துச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். மழையிலும் லம்பாசாவுக்குப் போய் வரலாம். பள்ளிக்கூடத்துக்குப் புதுக்கூரை வந்திருக்கிறது.

நல்ல செய்தியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். உனைசிக்குச் சுவாவில் நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. தங்குவதற்கும் படிப்புக்கும் உதவித்தொகை. போன வாரம் கப்பலேற்றி அனுப்பினேன். அழவில்லை. நான் திரும்பி வரும்போது அவளுடைய செருப்பு வாசலிலேயே இருந்தது. பழையது. விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

உன் அண்ணி நலம். உனக்காக ஒவ்வொரு மாலையும் ஜெபிக்கிறோம்.

உன் அண்ணன்
அபெனிசா


சாக்ரமெண்டோ
10 ஏப்ரல் 2011

அண்ணாவுக்கு,

நலமா? நான் நலம். உனைசி செய்தியைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிழவிக்குக் கேட்டுவிட்டது. "உனக்கு யாரு செத்துட்டாங்க?" என்றாள். என் மகள் நர்ஸ் ஆகப் போகிறாள் என்றேன். "அப்ப அவளையும் இங்க கூட்டிட்டு வா, எனக்கு இன்னும் ஒரு ஆள் வேணும்" என்றாள். இவர்களுக்கு நாம் எல்லோரும் இதற்காகத்தான் பிறந்திருக்கிறோம்.

சந்தோஷம் முடிந்தது. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பாய் இருக்கிறது, சாலை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. நான் கேட்டது எங்கே?

கழிமுகத்தை நூறு நாள் மூடினீர்கள். அந்த நாட்களில் நம் ஆட்கள் ஒருவரும் போகாத தண்ணீரில் யாருடைய படகு போனது? லுசியானாவின் தங்கை சொல்கிறாள், கம்பெனி ஆட்கள் அப்போதுதான் ஆழம் பார்த்து, மண் எடுத்து, சிவப்புக் கொடி நட்டு அளந்து முடித்தார்களாம். நாம் அப்பாவுக்காக அழுதுகொண்டு ஒதுங்கி நின்றோம், அவர்கள் வேலையை முடித்துக்கொண்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள். பார்க்கவே கூடாது என்று ஊருக்கு விதி போட்டது நீங்கள்தான்.

கிழவியின் மகன் கிரெக் ஞாயிறுதோறும் வருவான். பெரிய ஓய்வூதிய நிதி ஒன்றில் வேலை. ஆசிய பசிபிக் நாடுகள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று தொலைக்காட்சியில் கோடு ஏறுவதைக் காட்டினான். "உங்க பக்கம்தான் இனிமே எல்லாம். இரும்பு, நிக்கல், அலுமினியம். நீங்க அதிர்ஷ்டக்காரங்க" என்றான். அவன் அம்மாவின் படுக்கைத் துணியை அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு ஏறுகிற இடத்தில் நான் ஏன் இல்லை என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அறை கிழவியின் அறைக்குப் பக்கத்து அறை. அவள் மூச்சுச் சத்தம் ஒரு சின்னக் கருவியில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு இங்கே துணை அதுதான். என்னால் சுமக்க முடிகிற ஒரே ஊர் அந்தக் கழிமுகம். சேறு முழங்கால்வரை ஏறும், கையை வளைக்குள் விட்டால் நண்டு கடிக்கும், அம்மா திட்டுவாள். அதை யாருக்கு வைத்துவிட்டு வந்தேன்?

கொடுத்தீர்களா?

அண்ணிக்கு என் அன்பு.
கெலேரா


நசோலோ
29 மே 2011

அன்புத் தங்கைக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. பதில் தாமதமாகிவிட்டது. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடுப்பில் போட்டேன். என் உடம்பு பரவாயில்லை. இந்த முறை மழை விடவில்லை. மலையில் மரம் வெட்டிய பக்கத்திலிருந்து ஓடை சிவப்பாக இறங்குகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஊர்கள் ஒவ்வொன்றாகத் துக்கம் கேட்க வந்த இரண்டாம் நாள். கூரைத் தகரத்தில் மழை. உள்ளே பெண்கள் ஒப்பாரி. எனக்குத் தூக்கமில்லை. யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணம் சுற்றி வந்து ஓயவில்லை. கம்பெனிக்காரர்களோடு தெவிதா வந்தான். நம் வட்டாரத்து ஆள்தான், உனக்குத் தெரியும். நன்றாகப் பேசுவான், அதனால் வாடகைக்கு வைத்திருக்கிறார்கள். பெரிய பல். எண்ணெய் தடவிச் செம்பழுப்பாக இருந்தது. அவன் முழங்காலில் நின்று நீளமாகப் பேசினான். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், மலையின் பெயர், ஆற்றின் பெயர். எல்லோரும் துக்கத்துக்குப் பேசுவது மாதிரிதான் பேசினான். நீட்டினான். நான் அழுதுகொண்டிருந்தேன். வாங்கினேன். சபை முறைப்படி கை தட்டியது.

நூறு நாள் முடிந்து அவன் வந்து நின்றபோதுதான் பேச்சின் நடுவில் கழிமுகத்தையும் கேட்டதாகச் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை என்றேன். அவன் சிரித்தான். "அபெனிசா, கேட்டப்ப வாங்கிக்கிட்டு, இப்ப காது கேக்கலைன்னா எப்படி? சபையில அத்தனை பேரு கை தட்டுனாங்களே, அவங்களுக்குமா செவிடு?"

நில வாரியத்து அதிகாரி வந்து குலத்தைக் கூட்டினார். சட்டப்படி பெரும்பான்மை ஒப்ப வேண்டுமாம். யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யோவெலி மாமா எச்சிலைத் துப்பிவிட்டு, "அவன் கை வாங்கிடுச்சு. இனி எங்க வாயைக் கேட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்டார்கள்.

பெண்கள் கொஞ்சம் சத்தம் போட்டார்கள். இப்போது அமைதியாகிவிட்டது. உன் அண்ணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

இதுதான் நடந்தது. என்னைக் கடிந்துகொள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அபெனிசா


சாக்ரமெண்டோ
12 ஜூன் 2011

அண்ணாவுக்கு,

நலமா? தனியாகவா இருக்கிறீர்கள்? யார் சமைக்கிறார்கள்? அண்ணி எப்போது திரும்புவாள் என்று நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் தெவிதாமீது திரும்பியது. பிணத்துக்குப் பக்கத்தில் வைத்து ஊரைக் கேட்டிருக்கிறான். துப்பாக்கி வைத்து அரசாங்கத்தைப் பிடித்த பட்டாளத்தார் தலைநகர் சுவாவில் உட்கார்ந்து என்ன செய்கிறார்களோ அதையே இவன் பாயில் முழங்காலிட்டுச் செய்திருக்கிறான். அவர்களாவது வணக்கம் சொல்லிவிட்டுப் பிடுங்கவில்லை.

ஆனால் வழி இருக்கிறது. தெரியாமல் வாங்கியதைத் திருப்பலாம். அவர்களுடைய பல்லோடு நம் வீட்டுப் பல் ஒன்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள். சபையைக் கூட்டுங்கள். "துக்கத்துக்கு என்று வாங்கினேன், கழிமுகத்துக்கு என்று வாங்கவில்லை" என்று சொல்லி நீட்டுங்கள். அவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். தெவிதா வாங்க மறுத்தால் அவனுக்கு இந்தத் தீவில் பேச வாயே இருக்காது. இதை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது. கூட்டத்துக்குப் போலீஸ் அனுமதி வேண்டும் என்பார்கள். கேட்டு வாங்குங்கள். மறுத்தால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலிலேயே செய்யுங்கள். ஆராதனைக்குமா அனுமதி கேட்பார்கள்?

பல்லுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். என் கல்யாணப் பல் அப்பாவின் பெட்டியில் இருக்கிறது. என்னைப் பெண் கேட்டு என் புருஷன் வீட்டார் கொண்டுவந்தது. அந்த மனிதனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் பல் ஒருமுறையாவது உருப்படியான காரியத்துக்குப் போகட்டும். எடுத்துக்கொண்டு போங்கள்.

தங்கை
கெலேரா


நசோலோ
24 ஜூலை 2011

அன்புத் தங்கைக்கு,

கர்த்தரின் சமாதானம். நான் நலம். சமையலுக்குப் பெரிய சிரமம் இல்லை, ஒரு ஆளுக்கு என்ன. காய்ச்சிய மரவள்ளியே இரண்டு வேளைக்கு வருகிறது.

உன் பல் பெட்டியில் இல்லை.

கப்பல் துறையின் முதல் தூணை ஆண்டு முடிவதற்குள் கழிமுகத்தில் இறக்குவார்கள் என்று பேச்சு. உனைசி பரீட்சையில் நன்றாக எழுதியிருக்கிறாள் என்று சிங் கடைப் போனுக்குச் செய்தி அனுப்பினாள்.

அபெனிசா


சாக்ரமெண்டோ
14 ஆகஸ்ட் 2011

அண்ணாவுக்கு,

நலமா? பல் பெட்டியில் இல்லை என்கிறீர்கள். கரையான் தின்றதா? கால் முளைத்துப் போனதா? நீங்கள் எழுத மாட்டீர்கள். உனைசிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

நான் அதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. மொடெஸ்டோவில் நம் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். நாலாவது வீட்டில் கிழவர் ஒருவர், கண்டவு தீவுக்காரர், சுவரில் மாட்டியிருந்த பல்லை இறக்கிக் கொடுத்தார். "எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க ஊர்ல எங்க அண்ணன் காட்டு மரத்தையெல்லாம் கம்பெனிக்குக் குடுத்தான். எனக்கு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா நானும் இப்படி ஓடியிருப்பேன்" என்றார். திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னார்.

லுசியானா செப்டம்பரில் ஊருக்குப் போகிறாள். பல்லைத் துணியில் சுற்றி பைபிள் பையில் வைத்து எடுத்து வருவாள். சுங்கத்தில் கேட்டால் அழப் போகிறாளாம். நம் வீட்டுக்கு வந்து என் பெயரால் உங்கள் முன் நீட்டுவாள். சொல்ல வேண்டியதை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே விஷயம்தான்: கழிமுகத்தைத் திரும்பக் கேளுங்கள்.

நீங்கள் அதை வாங்கினால் என் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அதே பல்லோடு கம்பெனியிடம் போங்கள். இந்த முறை அழாமல் கேளுங்கள்.

கெலேரா


சுவா
4 செப்டம்பர் 2011

அம்மா,

எப்படி இருக்கே? நான் நல்லா இருக்கேன். உன் கடிதம் கிடைத்தது. இங்கே சாப்பாடு மோசம், வார்டன் அதைவிட மோசம். ஆனால் எனக்கு ஊசி போடக் கை நடுங்குவதில்லை. வகுப்பில் எனக்குத்தான் முதல் பாராட்டு. ஒரு நாள் செத்த உடம்பைக் காட்டினார்கள், இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். நான் தாத்தாவைக் குளிப்பாட்டியவள், எனக்கு என்ன பயம்?

உன் கல்யாணப் பல்லைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாமா சொல்லவில்லையா? தாத்தா படுத்த படுக்கையாக இருந்தபோதே மாமா அதை லம்பாசாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். பையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். கம்பெனி ஆபீசில் பாய்கூட இல்லை, மாமா சிமெண்டுத் தரையிலேயே முழங்காலிட்டார். "பொண்ணு நல்லாப் படிக்கும். அவங்க அம்மா அயல்நாட்ல கஷ்டப்படுது. ஒரு இடம் வாங்கித் தரணும்" என்றார். தெவிதா வாங்கினார். வாங்கிவிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டுப் பல்லை நாங்க வாங்கிட்டோம். நாளைக்கு எங்க வீட்டுப் பல்லு வரும். அப்ப முகத்தைத் திருப்பிக்கக் கூடாது." திரும்பி வரும்போது மாமா பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

என் உதவித்தொகை கம்பெனியுடையதுதான் அம்மா. நாங்கள் ஆறு பேர். எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள், பார்த்தாயா?

அத்தையைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். பெண்கள் கழிமுகத்தில் இறங்கி, அளந்து நட்ட கொடிகளைப் பிடுங்கிய அன்று போலீஸ் பிடித்துப் போனது அத்தையையும் சேர்த்துத்தான். ஓர் இரவு வைத்திருந்தார்கள். மாமா ஸ்டேஷன் வாசல்வரை வந்து உள்ளே வராமல் நின்றாராம். அத்தை வெளியே வந்து நேரே அவங்க அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மாமாமீது எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கப்பலில் ஏற்றும்போது அவர்தான் என் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார்.

அடுத்த வருஷம் பிரசவ வார்டு. உனக்கு முத்தம்.

உனைசி


சாக்ரமெண்டோ
25 செப்டம்பர் 2011

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க இன்று கை வரவில்லை. உனைசி எழுதிவிட்டாள்.

உங்களுக்குக் காது கேட்டது. மழையிலும் கேட்டிருக்கும், ஒப்பாரியிலும் கேட்டிருக்கும். தெவிதா அந்தப் பல்லோடு வருவான் என்று நீங்கள் முன்பே எதிர்பார்த்துத்தான் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறீர்களா? என் மகள் என்னைப் போல ஊரான் மூத்திரத்தைத் துடைக்கக் கூடாது, எது கேட்டாலும் கொடுத்து ஓர் இடம் வாங்கிவிடுங்கள் என்று எழுதினேன். எது கேட்டாலும் என்றால் பன்றி கேட்பார்கள், பாய் கேட்பார்கள், மண்ணெண்ணெய் கேட்பார்கள். ஊரையே கேட்பார்கள் என்று யார் நினைத்தது? அந்த வரியை எனக்கு எதிராக எடுத்து நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. செவிடன் என்று ஊர் சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டீர்கள். இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்களா?

நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு நர்சிங் இடம் வேண்டுமென்றால் ஒரு கடலைத் தர வேண்டும் என்று யார் வைத்தது? கல்லூரி அரசாங்கத்தினுடையது. மலையும் தண்ணீரும் நம்முடையது. நடுவில் இந்தத் தெவிதாவுக்கு என்ன வேலை? அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைக் கம்பெனியிடம் சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். ஏனென்றால் அரசாங்கத்திடம் கேட்கப் போனவர்களை ஸ்டேஷனில் உட்கார வைக்கிறார்கள். அண்ணியை உட்கார வைத்தார்கள். நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

இப்போது நீங்கள் கழிமுகத்தைத் திரும்பக் கேட்டால் உனைசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். படத்தில் ஐந்து பேர் மிஞ்சுவார்கள். இது எனக்குத் தெரியாமல்தான் மொடெஸ்டோவில் பல் கேட்டு அலைந்தேன்.

லுசியானா விமானம் ஏறிவிட்டாள். நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்லாதே, சும்மா துக்கம் விசாரித்துவிட்டு வா என்று சொல்ல அவளுக்குப் போன் எடுத்தேன். எண்ணை அழுத்தினேன். அந்தப் பக்கம் மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

கெலேரா


சாக்ரமெண்டோ
20 நவம்பர் 2011

அண்ணாவுக்கு,

நலமா? மெலிந்துவிட்டீர்கள் என்று லுசியானா சொன்னாள். அவள் திரும்பி வந்துவிட்டாள். செப்டம்பரில் எழுதியதற்கு உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை, அதனால் அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

நீங்களே தேநீர் போட்டீர்களாம். சர்க்கரை இல்லை என்று வருத்தப்பட்டீர்களாம். வீடு சுத்தமாக இருந்ததாம், பாயில் ஒரு ஆள் உட்காரும் இடம் மட்டும் தேய்ந்திருந்ததாம். அவள் பல்லை எடுத்து, என் பெயரைச் சொல்லி, நான் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை விடாமல் சொல்லியிருக்கிறாள். நீங்கள் தலைகுனிந்து கேட்டீர்களாம். பிறகு நாய்ப் பக்கம் திரும்பி, "நாயே, அவ இவ்வளவு தூரத்திலிருந்து கேக்குறா" என்றீர்களாம்.

லுசியானாவுக்கு நம் வீட்டுப் பழக்கம் தெரியாது. உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து, பல்லைப் பாயில் வைத்துவிட்டு, பேருந்துச் சத்தம் கேட்டதா என்று பார்க்க வாசலுக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்தபோது பாயில் பல் இல்லை. நீங்களும் இல்லை. பின்கதவு திறந்திருந்ததாம். நாய் மட்டும் இருந்ததாம்.

"வாங்குனாரா?" என்று கேட்டேன். "கை தட்டலை, வார்த்தை சொல்லலை. அதை வாங்குனதுன்னு நான் எப்படிச் சொல்ல?" என்கிறாள். "அப்ப வாங்கலையா?" என்றேன். "பல்லு அங்க இல்லையே, கெலேரா" என்கிறாள்.

எடுத்து எங்கே கொண்டுபோனீர்கள்? எழுதுங்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

உங்களுக்குச் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் சிங் கடையில் சொல்லியிருக்கிறேன்.

தங்கை
கெலேரா


சாக்ரமெண்டோ
5 பிப்ரவரி 2012

அண்ணாவுக்கு,

நலமா? கிழவி கிறிஸ்துமஸுக்கு முன் இறந்துவிட்டாள். அந்தச் சின்னக் கருவியை நான் இன்னும் அணைக்கவில்லை. ஒன்றும் கேட்பதில்லை, இரைச்சல் மட்டும். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லி கிரெக் மரியாதையாகச் சொன்னான். வேறொரு வீடு பார்த்திருக்கிறேன். முகவரி உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதற்கு எழுதுங்கள்.

உனைசிக்குக் கல்லூரியில் இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லையாம். பிரசவ வார்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். முதல் குழந்தையைக் கையில் வாங்கினாளாம். கனமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள்.

லம்பாசாவிலிருந்து வரும் செய்தி வேறு மாதிரி இருக்கிறது. தூண் இறக்கும் இயந்திரம் கழிமுகக் கரையில் வந்து நிற்கிறதாம். ஆண்டு முடிந்துவிட்டது, ஒரு தூண்கூட இறங்கவில்லையாம். மழைக்காலம் என்று சிலர் சொல்கிறார்களாம். நீங்கள் ஒரு ஞாயிறு கோயில் வாசலில் தெவிதாவை நிறுத்தி ஏதோ பேசினீர்கள் என்று சிலர் சொல்கிறார்களாம். நீங்கள் அன்று கோயிலுக்கே வரவில்லை என்று வேறு சிலர் சொல்கிறார்களாம். அண்ணி இன்னும் அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம்.

நீங்கள் திருப்பிக் கேட்டிருந்தால் நான் என் மகளுக்கு எழுத வேண்டும், அவள் அதை என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும், கல்லூரி வாசலில் இல்லை. கேட்கவில்லை என்றால் நான் மொடெஸ்டோவுக்குப் போய் அந்தக் கிழவரிடம் முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டில் எதற்கு என்று தெரியாமல் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன்.

நமக்கு நடுவில் இனி நாய் வேண்டாம். லுசியானா வேண்டாம், உனைசி வேண்டாம். நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், என் பெயரைச் சொல்லி.

பாயிலிருந்து அந்தப் பல்லை எடுத்தது உங்கள் கைதானா? வாங்கினீர்களா?